கடவுச்சொல் காத்த பேரவை

2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முப்பத்தொன்றாம் நாள், நாடு சுதந்திரம் பெற்ற திருநாளன்று முற்பகலில், மலாக்கா காஜா பேராங்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர் கருணாகரன், தம்முடைய கடவுச்சொல்லை ஒலிபெருக்கியில் உரக்கச் சொல்லுமாறு பணிக்கப்பட்டார். பணித்தவர்கள் திருடர்கள் அல்லர். திருடர்களிடமிருந்து அவரைக் காப்பாற்றுவதற்கென்றே கூடியிருந்தவர்கள். குறை அதுதான்.

கூடியிருந்த அமைப்பின் பெயர் காஜா பேராங் தமிழர் மேன்மைப் பேரவை. ஆண்டுதோறும் ஒரு பகைவனைத் தேர்ந்தெடுத்து எதிர்ப்பது அதன் வழக்கம். கொசுவை எதிர்த்த ஆண்டில், மேடையை அழகுபடுத்திய பூச்சாடிகளில் கொசு முட்டையிட்டது. நெகிழிப் பையை எதிர்த்த ஆண்டில், அதை எதிர்க்கும் துண்டறிக்கைகள் நெகிழிப் பையில் போட்டு வழங்கப்பட்டன. இவ்வாண்டு கணினிக்கும் கைப்பேசிக்கும் உள்ளே புகும் இணையத் திருடனை எதிர்ப்பது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. அவன் இவ்வளவு காலம் காஜா பேராங்கைப் பொருட்படுத்தாமல் இருந்தது செயற்குழுவில் சிலருக்கு வருத்தமாகவும் இருந்தது.

கருணாகரன் சுதந்திரம் பிறந்த அதே ஆண்டில் பிறந்தவர். மலாக்காவின் செங் வட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை சரக்கு ஏற்றிச் சென்றே தலை நரைத்தவர். மனைவி இல்லை. ஒரே மகள் ஜெயா, உல்லாசக் கப்பல் ஒன்றில் தாதியாக இருந்தாள். கப்பல் கரையைத் தொடும்போதெல்லாம் புலனம் என்று நாம் பெயரிட்ட அந்த வாட்ஸ்அப் வழியாகத் தந்தையை அழைப்பாள். கடலில் இருக்கும் நாள்களில் தொடர்பு கிடைப்பதில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது, தெருமுனையில் லோரி திரும்புகையில் அவர் ஹாரன் அடிப்பார். அவள் ஓடிவந்து கேட்டைத் திறப்பாள். அந்தக் காலத்திலேயே அவ்விருவருக்குமிடையில் முளைத்த ஒரு சொல்லும் உண்டு. அது அவள் மழலையில் பிறந்தது, பொருளற்றது. அச்சொல்லை இங்கே எழுதுவதற்கில்லை. அது ஏற்கெனவே தேவைக்கு மிகுதியான காதுகளுக்குள் போய்விட்டது.

கப்பலுக்குப் புறப்படும் முன் ஜெயா தந்தையை உட்கார வைத்துச் சிலவற்றைச் சொல்லிக் கொடுத்தாள்.

"தெரியாத நம்பர் அனுப்புற லிங்க்கை அமுக்காதீங்க. போனு, கம்பியூட்டரு அப்டேட் கேட்டா குடுத்துருங்க. பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லாதீங்க, போலீஸ்னு சொன்னாலும் சரி. நான்தான்னு யாராவது கூப்பிட்டு அழுதா, நம்ம வார்த்தையைக் கேளுங்க. சொல்லலையா, வெச்சிடுங்க. அவ்வளவுதாம்பா."

"சரி லா. நான் என்ன பச்சப் பிள்ளையா?" என்றார் கருணாகரன்.

அவள் சொன்னவற்றை அவர் பிசகாமல் பின்பற்றினார். மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று அந்தச் சொல்லையே தம் கடவுச்சொல்லாகவும் வைத்துக்கொண்டார். அது மட்டுமே அவர் செய்த தவறு. பேரவை காப்பாற்ற வரும்வரை அதனாலும் ஒரு தீங்கும் நேரவில்லை.

ஆகஸ்டில் அழைத்தபோது அவள் ஒரு செய்தி சொன்னாள். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை கப்பல் துறைமுகம் சேரும். அன்று மலாக்கா நேரப்படி மாலைக்குள் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அல்லது இறங்கிவிட வேண்டும்.

"நீங்க வான்னு சொன்னா வந்துடுறேம்பா. சொல்லலைன்னா இருந்துடுறேன். அன்னைக்குக் கூப்பிடுவேன். யோசிச்சு வைங்க."

யோசிக்க ஒன்றும் இல்லை. 'வா' என்னும் ஓரெழுத்து அவர் நாக்கின் நுனியிலேயே இருந்தது. ஆயினும் ஆண்பிள்ளை உடனே சொல்லிவிடக் கூடாது என்று, "பார்ப்போம், பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று முதல் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமைக்காகவே அவர் உண்டார், உறங்கினார்.

இனி ஆகஸ்டு முப்பத்தொன்றுக்கு வருவோம்.

பேரவையின் தலைவர் பொன்னுதுரையை அனைவரும் 'டத்தோ' என்றே அழைத்தனர். அந்தப் பட்டம் இன்னும் அவருக்கு வந்து சேரவில்லை. வரும்போது மக்களின் வாய் பழகியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் குத்துவிளக்கு ஏற்றினார். மேடையில் வைத்திருந்த மடிக்கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டார். குங்குமம் விசைகளுக்கிடையே இறங்கியதால் அக்கணினி அதன்பின் இயங்கவில்லை. பிறகு உரையாற்றினார்.

"அன்பர்களே! சந்தேகப்படுங்கள்! அழைப்பவனைச் சந்தேகப்படுங்கள். எழுதுபவனைச் சந்தேகப்படுங்கள். பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவரைச் சந்தேகப்படுங்கள்!"

அனைவரும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தனர்.

"ஒருவரை மட்டும் சந்தேகப்பட வேண்டா. அவர் யார் என்பதை நான் என் வாயால் சொல்லிக்கொள்வது அழகன்று. எனக்குப் பின்னால் உள்ள பதாகையில் காண்க."

பதாகையில் அவருடைய முகம் ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது.

அடுத்து, செயலாளர் மாணிக்கவாசகம் 'கடவுச்சொல் தரநிர்ணய அங்கம்' என்னும் நிகழ்வைத் தொடக்கி வைத்தார். அவர் முன்மொழிதலும் வழிமொழிதலும் இன்றித் தேநீர்கூடப் பருகமாட்டார்.

"கடவுச்சொல் வலிமையுடையதாக இருத்தல் வேண்டும் என்று வல்லுநர் கூறுவர். தம் சொல் வலிமையுடையதா, அன்றா என்பதை உரியவரே எங்ஙனம் தீர்மானிப்பது? தம் விடைத்தாளைத் தாமே திருத்தும் மாணவனை எப்பள்ளி ஏற்கும்? ஆகவே உறுப்பினர் ஒவ்வொருவரும் மேடைக்கு வந்து தம் கடவுச்சொல்லைச் சொல்ல, செயற்குழு செவிமடுத்து மதிப்பிடும்."

வரிசை நகர்ந்தது. நல்ல கடவுச்சொற்களுக்கு அவையினர் கைதட்டினர். ஒருவர் தம் கடவுச்சொல்லைப் பண்ணோடு பாடினார். பூங்காவனத்தின் முறை வந்தது. அவர் கருணாகரனின் பக்கத்து வீட்டுக்காரர். வாயில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு பிறந்தவர் போல் காரமாகப் பேசுவார்.

"என் பாஸ்வேர்டு எங்க வீட்டுக்காரருக்கே தெரியாதுங்க. தெரிஞ்சா என் போனைப் படிப்பாரு. படிச்சா அவரைப் பத்தி நான் எங்கக்கா கூடப் பேசுனதெல்லாம் தெரியும். அப்புறம் எங்களைச் சேர்த்து வைக்க இந்தப் பேரவைதான் வரணும். வருவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய விவகாரம் ஒத்திவைக்கப்பட்டது.

கருணாகரன் மேடையேறினார். ஒலிவாங்கியை விட்டு முகத்தை விலக்கிக்கொண்டு, செயலாளரின் காதருகே, "இதைச் சொல்லக் கூடாதுன்னு என் மக சொல்லியிருக்கா ஐயா" என்றார்.

"வெளியாரிடம் சொல்லக் கூடாது, ஐயா. பேரவை வெளியாரா? தங்கள் துணைவியார் மறைந்தபோது கூடாரம் யாருடையது? நாற்காலிகள் யாருடையவை?"

கருணாகரன் அந்த நாளை நினைத்தார். கடும் வெயில். பேரவையின் நீலக் கூடாரம். வந்தவர் அனைவரும் அமர நாற்காலி இருந்தது. கூடாரம் தந்தவர்களிடம் ஒரு சொல்லை எப்படி மறுப்பது? நம் மக்களை எந்தத் திருடனும் இவ்வளவு எளிதாகப் பிடித்ததில்லை. அவர் மெல்லச் சொன்னார்.

"உரக்க, ஐயா. பின்வரிசையும் பயன்பெற வேண்டும்."

அவர் உரக்கச் சொன்னார். ஒரு குழந்தையின் மழலை மண்டபம் முழுவதும் எதிரொலித்தது. சிலர் சிரித்தனர்.

"இச்சொல் அகராதியில் உண்டா?" என்றார் தலைவர்.

"இல்லை, டத்தோ."

"நிராகரிக்க."

"முன்மொழிகிறேன்." "வழிமொழிகிறேன்."

நிராகரிக்கப்பட்ட கடவுச்சொற்களை வேறெவரும் அறியாமையால் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, அவை உரியவர்களின் பெயர்களோடும் தொலைபேசி எண்களோடும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. உறுப்பினர்களின் புலனக் குழுவிலும் இடப்பட்டன. அனைவருக்கும் ஒரே கடவுச்சொல் வழங்கப்பட்டது: தலைவரின் பெயரும் பேரவை தோன்றிய ஆண்டும். ஒற்றுமையின் அடையாளமாக அது இருக்கும் என்று விளக்கம் தரப்பட்டது. மறந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அதையும் செயற்குழு முன்கூட்டியே சிந்தித்திருந்தது. அந்தக் கடவுச்சொல் சாவிக்கொத்துகளில் பொன்னெழுத்தில் அச்சிடப்பட்டு, வாயிலில் வந்தவர் போனவர் எல்லார்க்கும் வழங்கப்பட்டது.

செப்டம்பர்த் திங்களில் பேரவை வீடு தேடி வந்தது. மாணிக்கவாசகம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, வெள்ளித் தட்டில் பட்டுத்துணி விரித்து, அதன்மேல் ஒரு விரலியை வைத்து ஏந்திக்கொண்டு படியேறினார். கணினியில் செருகும் அந்தச் சின்னஞ்சிறு பொருளுக்குள் நச்சுநிரல்களைக் கொல்லும் மருந்து இருப்பதாகச் சொன்னார். மருந்தை யாரிடம் வாங்கினார் என்பது அவருக்கே தெரியாது. யாரோ ஒருவர் யாரிடமிருந்தோ படியெடுத்துக் கொடுத்தது. ஆனால் இலவசம்.

"இது எத்தனை வீட்டுல குத்தினது?" என்று சந்தேகத்தோடு கேட்டார் கருணாகரன்.

"கிளேபாங் முழுக்க முடிஞ்சிருச்சுண்ணே. செங்குல பாதி."

"ஒரே ஊசியா?"

"ஒரே ஊசி. பேரவைக்குப் பாகுபாடு கிடையாது."

ஊசி ஏறிய அன்று மாலையே கருணாகரனின் கணினி தானாக எழுந்து ஆடலாயிற்று. அரைகுறை ஆடையணிந்த பெண்கள் மூலைக்கு மூலை தோன்றி, அவருக்குப் பரிசு விழுந்திருப்பதாக வாழ்த்தினர். சிறியவர், பெரியவர் வந்து போகும் வீடு. அவர் ஒரு துண்டை எடுத்துத் திரையின்மேல் போர்த்திவிட்டு மாணிக்கவாசகத்தை அழைத்தார்.

"ஊசி போட்டா ஒரு நாள் காய்ச்சல் வரும்ல, அது மாதிரிதாண்ணே. மருந்து வேலை செய்யுது."

"அப்டேட் வேணும்னு கேக்குது. என் மக குடுக்கச் சொல்லுவா."

"குடுத்துறாதீங்க! தானா வந்து கேக்குறவனைச் சந்தேகப்படச் சொன்னாரே டத்தோ, மறந்துட்டீங்களா?"

காய்ச்சல் வராத கணினிகளுக்கு மருந்து ஏறவில்லை என்று கருதி இரண்டாம் முறையும் குத்தப்பட்டது. அந்த வட்டாரத்தில் நோய் தொற்றாத கணினி ஒன்றுதான். அது மலாக்காச் செட்டிச் சமூகத்தைச் சேர்ந்த தெய்வநாயகத்தினுடையது. அவருக்கு மலாய்தான் பேச வரும், தமிழ் புரியாது. ஆகவே பேரவையின் அறிவுரை எதையும் அவரால் பின்பற்ற இயலவில்லை. இந்நிலைக்கு அவர்மேல் இரக்கம் தெரிவித்துச் செயற்குழு தீர்மானம் நிறைவேற்றியது.

அக்டோபர் முதல் வாரத்தில், செயற்குழுக் கூட்டத்தின் நடுவே, பேரவையின் புலனக் குழுவுக்கு முன்பின் அறியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. மேலே பூமாலைப் படம், கீழே இரு யானைகள். 'மாண்புமிகு டத்தோ பொன்னுதுரை அவர்கட்கு உயர் விருது வழங்கும் விழா. அழைப்பிதழைக் காண, கீழுள்ள செயலியை நிறுவுக. தங்கள் உறுப்பினர் அனைவரும் நிறுவின் விருதின் தகுதி உயரும்.'

அன்று உறுப்பினர் சார்பில் பார்வையாளராக அமர்ந்திருந்த கருணாகரன் எழுந்தார்.

"ஐயா, தெரியாத நம்பருங்க. அமுக்கினா உள்ளாற பூந்துருவானுங்க. சந்தேகமா இருக்கு."

பொன்னுதுரை கண்ணாடியைக் கழற்றினார். பிறவியிலேயே அறிவு குறைந்த ஒருவரிடம் பேசும் பொறுமையோடு பேசினார்.

"கருணாகரன், சிந்தியுங்கள். தெரியாதவனுக்கு நான் டத்தோ என்று எப்படித் தெரியும்? இன்னும் அரசாங்கத்துக்கே தெரியாது. இவனுக்குத் தெரிந்திருக்கிறது என்றால், இது அதனினும் உயர்ந்த இடத்திலிருந்து வந்திருக்கிறது."

உறுப்பினர் அனைவரும் உடனே நிறுவ வேண்டும் என்று தீர்மானமாயிற்று. கருணாகரன் தம் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் ஆழமாகத் தள்ளினார். மாணிக்கவாசகம் அதை மரியாதையோடு வெளியே எடுத்தார். சாவிக்கொத்தைப் பார்த்துக் கடவுச்சொல்லை இட்டார். உறுப்பினர் சார்பாகத் தாமே அமுக்கினார்.

"வழிமொழிந்ததாகக் கொள்க" என்றார்.

மூன்றாம் நாள் தொடங்கிக் காஜா பேராங்கின் கைப்பேசிகள் தாமாகவே பேசத் தொடங்கின. யார் யார் பெயரிலோ யார் யாருக்கோ செய்திகள் பறந்தன. பூங்காவனம் தம் அக்காளுக்கு எழுதியவை அனைத்தும் அவருடைய கணவருக்குப் போய்ச் சேர்ந்தன. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்தனர். கோயில் வாசலில் பேச்சை நிறுத்தினர். கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். சந்தேகம் இத்துணை விரைவாகப் பரவியது இயக்கத்தின் வெற்றி என்று தலைவர் அறிவித்தார். அதைத் தொடர்ந்து, எஞ்சிய இடரையும் வேரோடு களைய ஒரு திட்டம் வகுத்தார்.

"கைப்பேசி இல்லாதவனை எந்தத் திருடனால் ஏமாற்ற முடியும்?"

அவ்வாறே உறுப்பினர்களின் கைப்பேசிகள் திரட்டப்பட்டு, மண்டபத்தின் இரும்பு அலமாரிக்குள் சிவப்புத் துணியில் வைத்துப் பூட்டப்பட்டன. சாவி தலைவரிடம். சனிக்கிழமை பிற்பகல்களில் மட்டும் அவை வெளியே எடுக்கப்படும். வரும் அழைப்புகளை 'அழைப்பாளர் மெய்ம்மை ஆய்வுக் குழு' விசாரித்து, உரியவரிடம் ஒப்படைக்கத் தக்கனவா என்று முடிவுசெய்யும்.

கருணாகரன் எதிர்த்தார். கத்தினார். கடைசிச் சனிக்கிழமை தம் மகள் அழைப்பாள் என்று மன்றாடினார்.

"சனிக்கிழமைதானே? பொருத்தமாகப் போயிற்று" என்றார் தலைவர்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. மண்டபத்தில் நீண்ட மேசை, மேசைமேல் பூத்தட்டு, அதன் நடுவே கருணாகரனின் கைப்பேசி. குழுவினர் சுற்றி அமர்ந்திருந்தனர். பொன்னுதுரை விருது விழாவுக்காகத் தைக்கக் கொடுத்த கோட்டை மாலையில் போட்டுப் பார்க்க வேண்டியிருந்ததால் அடிக்கடி மணி பார்த்தார். கருணாகரனுக்குப் போடப்பட்ட நாற்காலி சற்றுத் தொலைவில் இருந்தது.

மணி நான்கை நெருங்குகையில் கைப்பேசி ஒலித்தது. கருணாகரன் பாய்ந்தார், இருவர் பிடித்துக்கொண்டனர். மாணிக்கவாசகம் அழைப்பை ஏற்று, அனைவரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார்.

"வணக்கம். காஜா பேராங் தமிழர் மேன்மைப் பேரவை. அழைப்பவர் தம்மை மெய்ப்பிக்க."

"ஹலோ? யாருங்க இது? எங்கப்பா போனாச்சே. அப்பா இல்லையா?"

"வெளிநாட்டு எண். இளம்பெண் குரல். தந்தையைத் தேடுதல். மூன்றும் மோசடியின் அறிகுறிகள்" என்று மாணிக்கவாசகம் குழுவை நோக்கிச் சொன்னார்.

"ஐயா, அது என் மக குரல்! விடுங்கடா என்னை!"

"குரலையும் இப்போது கணினியே செய்கிறது, கருணாகரன். செய்தித்தாள் படிப்பதில்லையா?" என்றார் பொன்னுதுரை.

"ஜெயா! நான் இங்கதாம்மா இருக்கேன்!"

மறுமுனையில் அவள் பேசினாள். குரல் மாறியிருந்தது, ஆடும் பாலத்தின்மேல் காலை ஊன்றிப் பார்த்து நடப்பவள் போல் பேசினாள்.

"நீங்க எங்கப்பாதானா?"

"என்னம்மா கேக்குற?"

"மூணு வாரமா இந்த நம்பர்லேர்ந்து எனக்கு மெசேஜ் வருது. வராத, அங்கேயே இரு, நான் நல்லாருக்கேன், இந்த லிங்க்கை அமுக்குன்னு. எங்கப்பா அப்படி எழுத மாட்டாரு."

"நான் எழுதலம்மா! சத்தியமா எழுதல! நீ நம்ம வார்த்தையைக் கேளு, நான் சொல்றேன்."

அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். அத்தனை பேர் முன்னிலையில் இரண்டாம் முறையாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு விடைக்காகக் காத்திருந்தார்.

"நான் கேட்டப்ப அதை அவனும் எழுதியிருந்தான்" என்றாள் ஜெயா.

மேசையைச் சுற்றி ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. சுவரில் அறிவிப்புப் பலகை இருந்தது. நிராகரிக்கப்பட்ட கடவுச்சொற்கள் அதில் இன்னும் ஒட்டியே இருந்தன. மேற்கூரை ஒழுகியதில் மற்றவை அழிந்துபோயிருக்க, கருணாகரனுடையது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"ஒழுங்குப் பிரச்சினை!" என்று மாணிக்கவாசகம் கையுயர்த்தினார். "விசாரிக்க வேண்டியவர்கள் நாம். விசாரிக்கப்பட வேண்டியவர் நம்மை விசாரிப்பதற்கு விதியில் இடமில்லை."

"அங்க எத்தனை பேரு இருக்கீங்க?" என்றாள் ஜெயா. "பத்துப் பேரு மூச்சு விடுற சத்தம் கேக்குது. எங்கப்பா போனை எடுத்தா தனியாத்தான் எடுப்பாரு. நான் ஆறு மணிக்கு இன்னொருவாட்டி கூப்பிடுறேன். அப்பாவா இருந்தா தனியா எடுங்க. இல்லைன்னா நான் கையெழுத்துப் போட்டுருவேன்."

தொடர்பு அறுந்தது.

குழுவினர் கைதட்டினர். ஆள்மாறாட்டக்காரி ஒருத்தி புறமுதுகிட்டு ஓடியதாகக் குறிக்கப்பட்டது. பொன்னுதுரை எழுந்து கருணாகரனுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"ஆறு மணிக்குப் போன் என் கையில இருக்கணும்" என்றார் கருணாகரன். "தனியா."

"தனியாகவா? தனியாகப் பேசுவதுதான் ஏமாறுவதன் முதற்படி. அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் விண்ணப்பிக்க."

"அடுத்த சனிக்கிழமை கப்பல் நடுக்கடல்ல இருக்கும்யா!"

பொன்னுதுரை கைப்பேசியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கோட்டைப் போட்டுப் பார்க்கப் போய்விட்டார். பெரிய மனிதர்கள் பூட்டிவிட்டுப் போகும் ஓசை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். விலங்கு மாட்டுவதற்கும் நகைப்பெட்டி மூடுவதற்கும் அதில் வேறுபாடு தெரியாது.

ஆறு மணி ஆக ஒரு நிமிடமே இருந்தது. மண்டபத்தில் மறுநாள் விழாவுக்காக நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பூங்காவனம் நிமிர்ந்து பார்த்தார். கருணாகரன் உள்ளே வந்தார். தோளில் பொன்னாடை, கையில் லோரிச் சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பி.

"என்னண்ணே, சாமானோட வந்திருக்கீங்க? டயர் பஞ்சரா?"

"ஆமா. பேரவை பஞ்சர்."

"தீர்மானம் இல்லாம உடைச்சா குத்தமாச்சே." அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாயிற்கதவைச் சாத்தினார். "சரி, நான் முன்மொழியறேன். வழிமொழிய ஆளைக் காணோமே?"

அலமாரிக்குள்ளிருந்து கைப்பேசி ஒலித்தது. அது வழிமொழிந்ததாகக் கொள்ளப்பட்டது.

கருணாகரன் கம்பியைப் பூட்டின் இடுக்கில் செருகி ஒரே நெம்பு நெம்பினார். நாற்பதாண்டுக் காலம் சக்கரத்தோடு போராடிய கைகள். கதவு வளைந்து திறந்தது. சிவப்புத் துணிக்குள் அத்தனை கைப்பேசிகளுக்கிடையே ஒன்று மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. எடுத்தார்.

ஜெயா காத்திருந்தாள்.

அவருக்குச் சொல்ல ஒரு சொல்லும் மிஞ்சியிருக்கவில்லை. இருந்த ஒன்றையும் மேடையில் பறிகொடுத்தாயிற்று. பெயரைச் சொன்னால் நம்பமாட்டாள், குரலை நம்பமாட்டாள், சத்தியத்தை நம்பமாட்டாள், நம்பக் கூடாது என்று அவருக்கே கற்பித்தவள். பூட்டுடைந்த அலமாரிக்கு முன்னால் நின்றபடி, அறுபத்தாறு வயது மனிதர் வாயைக் குவித்து, தெருமுனையில் திரும்பும் லோரியைப் போல் ஹாரன் அடித்தார்.

எத்தனை குறுகிய ஒலி, எத்தனை நீண்ட ஒலி, எங்கே நிறுத்தினார் என்பவற்றையும் இங்கே எழுதுவதற்கில்லை.

மறுமுனையில் மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, அழுகையா சிரிப்பா என்று பிரித்தறிய முடியாத குரலில் அவள் சொன்னாள்:

"கேட்டைத் திறந்துட்டேம்பா."

"வா" என்றார் கருணாகரன்.

அடுத்த வாரம் பேரவை அவசரமாகக் கூடியது. தலைவரின் விருது விழா நடந்ததா என்பதைப் பற்றி எவரும் கேட்கவில்லை. கோட்டு மட்டும் அவர்மேல் இருந்தது. கருணாகரன்மீது அலமாரியை உடைத்தது, தனியாகப் பேசியது, அங்கீகாரமற்ற ஒலி எழுப்பியது எனக் குற்றங்கள் சாட்டப்பட்டன. ஆனால் அந்த ஒலியைக் கேட்ட நொடியிலேயே மகள் தந்தையை அடையாளம் கண்டுகொண்டாள் என்று எவரோ சொல்லக் கேட்டுச் செயற்குழு வியந்தது. அத்துணைத் திறமான பாதுகாப்பு முறை ஒருவரிடம் முடங்கிக் கிடப்பது சமுதாயத்துக்கு இழைக்கும் துரோகம் என்று மாணிக்கவாசகம் பேசினார். இனி உறுப்பினர் அனைவரும் அந்த ஒலியையே பயன்படுத்த வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஒலிவாங்கி கருணாகரனின் முன் வைக்கப்பட்டது.

"பதிவு செய்துகொள்கிறோம், ஐயா. பின்வரிசைக்கும் கேட்கும்படி எழுப்புங்கள்."

கருணாகரன் ஒலிவாங்கியைப் பார்த்தார். கையை நீட்டி அதை அணைத்தார்.

"இது நன்றி மறந்த செயல்" என்றார் பொன்னுதுரை. "நாளை உங்களுக்கே ஒன்று நேர்ந்தால் கூடாரத்துக்கு எங்கே போவீர்கள்?"

"அன்னைக்கு எனக்கு வெயில் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார். வீட்டில் கேட்டுக்கு எண்ணெய் போடும் வேலை இருந்தது. மகள் வருவதற்குள் கீல் கிறீச்சிடாமல் இருக்க வேண்டும்.

இதுவரை படித்துவந்த வாசகரே, உம்மிடம் ஒன்று கேட்கிறேன், கெஞ்சிக் கேட்கவில்லை. அந்தச் சொல் என்ன, அந்த ஒலி எப்படிப்பட்டது என்று கருணாகரனிடம் போய் விசாரிக்காதீர். உம்மிடமும் அப்படி ஒன்று இருக்கும். அதை எவரேனும் கேட்டால், மாலையோடு வந்தாலும், பட்டத்தோடு வந்தாலும், உம் வீட்டுத் துக்கத்துக்கு நாற்காலி தந்தவராகவே இருந்தாலும், வாயை மூடிக்கொள்ளும். அந்தச் சாவிக்கொத்தைக் குப்பையில் எறியும். கடவுச்சொல்லை இன்றே மாற்றும். மாற்றியபின் அது என்னவென்று என்னிடமும் சொல்லாதீர்.